கடைசி மஞ்சள் தொப்பி

ஏரியில் இருபத்திரண்டு மஞ்சள் தொப்பிகள் இறங்கின. இருபத்தொன்று கரையேறிவிட்டன.

பட்டாணி மறுபடி எண்ணிப் பார்த்தாள். கணக்கு மாறவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற பெண் அவள். மயிரிழை பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நாற்பத்தொரு நிமிடமாகத் தண்ணீரில் கிடக்கிற அந்த ஒற்றைத் தொப்பி அவளுடைய அண்ணனுடையது.

பயிற்சியில் அவன் முப்பத்திரண்டு நிமிடத்தைத் தாண்டியதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கார் கிளம்பியதிலிருந்தே ஒன்றும் உருப்படவில்லை. பாதி வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. விடுதியில் இவர்களுக்கு அறை இருந்தது, ஆனால் அடுத்த மாதத்துக்கு. அண்ணனின் நண்பன் பேக்கரி, சைக்கிள் பம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, மாவு உருட்டும் கட்டையை மறக்காமல் எடுத்து வந்திருந்தான். தொடை நீவிக்கொள்ளவாம். ரொட்டி அடுப்பில் வேலை பார்க்கிற அவனை இந்தப் பட்டப்பெயர் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

வெடித்த டயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பட்டாணி தன் ஃபோனிடம், "அம்மா, எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கு, ரொம்ப ஜாலியா இருக்கோம்" என்று சொன்னாள். ஃபோன் அதை எழுதி, கடல் தாண்டியிருக்கிற அம்மாவுக்கு அனுப்பியது. இந்த ஊருக்கு அண்ணன் வீட்டோடு வந்து பதினோரு மாதமாகிறது. அம்மாவுக்கு அவள் சொல்லாமல் விட்டவற்றை எழுதினால் தனித் தொடரே போடலாம்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு ட்ரையத்லான். இப்படி மூவர் மூவராக வந்த இருபத்திரண்டு அணிகளுக்குத்தான் மஞ்சள் தொப்பி; தனியாளாக வந்த நூற்றுக்கணக்கானவர்கள் முன்பே நீந்தி முடித்திருந்தார்கள். அண்ணன் ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்துவான். பேக்கரி நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பான். பட்டாணி கடைசியாகப் பத்து கிலோமீட்டர் ஓடுவாள். கணுக்காலில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, அதற்குள் நேரம் குறிக்கும் சிப். முந்தின ஆளின் காலிலிருந்து அதைக் கழற்றித் தன் காலில் கட்டிக்கொண்ட பிறகுதான் அடுத்த ஆள் கிளம்ப முடியும்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். போன வாரம்வரை ஒன்றும் இல்லைதான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி உயரத்து லிஃப்ட் குழிக்குள் ஏணியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவனுக்குப் பத்து நொடி கண் இருட்டிவிட்டது. இடுப்பு பெல்ட்டின் கொக்கிதான் பிடித்து நிறுத்தியது. அதைப் பட்டாணியிடம் மட்டும் சொன்னான்.

"உங்கண்ணிகிட்ட மூச்சு விடாத. ஏழு மாசம் அவளுக்கு. செவ்வாக்கிழமை நானே டாக்டரைப் பாத்துடறேன்."

போட்டிப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கடந்த ஆறு மாதத்தில் மயக்கம் வந்ததுண்டா? பட்டாணி 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். ஆபத்து என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அண்ணியின் எண்ணை அழித்துவிட்டுத் தன் எண்ணை எழுதினாள். அண்ணன் கையெழுத்தையும் அவளே போட்டாள்.

அப்பா நாற்பத்தொரு வயதில் மாடிப்படி ஏறும்போது விழுந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. வெயில் என்றார்கள். அண்ணனுக்கு இப்போது முப்பத்தெட்டு.

இன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, உடை மாற்றும் கூடாரத்துக்கு வெளியே அவள் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தாள்.

"இப்பக்கூட வேண்டாம்னு சொல்லலாம்ணா."

"சொல்லிட்டு?"

"மூணு பேரும் போய் டீ குடிக்கலாம்."

"ஒரு வருஷமா ஏரி ஏரியா முங்கி எழுந்தது டீ குடிக்கறதுக்கா?" அண்ணன் சிரித்தான். ஆனால் ரப்பர் உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானே தவிர, போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது பேக்கரி மீசையை நீவிக்கொண்டே குறுக்கே வந்தான். "தங்கச்சி, உருட்டுக் கட்டையைக் கார்லயே விட்டுட்டேன். எடுத்துட்டு வாயேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

கார் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றது. அவள் கட்டையோடு திரும்பி வந்தபோது ஊதல் ஊதி, மஞ்சள் தொப்பிகள் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன. கறுப்பு உடுப்பில் எல்லா முதுகும் ஒரே முதுகு. சைக்கிள்கள் நிற்கும் அடைப்புக்குள் சைக்கிள்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஓடுகிறவர்கள் ஏரிக்கரையோரம், கயிறு கட்டிய இடத்தில் நிற்க வேண்டும். அங்கே நின்றுதான் இவ்வளவு நேரமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் ஃபோன் அடித்தது. அண்ணி.

"ஃபோன்ல பாத்துட்டே இருக்கேன் பட்டாணி. நம்ம டீம் இன்னும் தண்ணியிலதான்னு காட்டுது."

"வந்துருவாங்கண்ணி. கொஞ்சம் மெதுவா..."

"மெதுவாவே வரட்டும். என்ன அவசரம்?"

அண்ணியின் குரலில் பதற்றமே இல்லை. பாவம், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்த நான் இங்கே நின்று தொப்பி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஏரி வெறிச்சென்று கிடந்தது. காற்று மாறி, தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்னதாக நெளிந்தது. ஒவ்வொரு நெளிவும் தலை மாதிரி தெரிந்து, தலை இல்லை என்று ஆனது. பத்து நொடி. ஏணியில் என்றால் கொக்கி பிடிக்கும். தண்ணீரில் எந்தக் கொக்கி பிடிக்கும்?

நாற்பத்தேழாவது நிமிடத்தில் அவள் கயிற்றுக்கு அடியில் புகுந்து வெளியே வந்தாள். கழுத்தில் விசிலும் கையில் வயர்லெஸுமாக ஒரு அம்மாள் கரையில் நின்றிருந்தாள்.

"மேடம், ஒருத்தர் இன்னும் வரல. நூத்திப் பதினேழு. எங்கண்ணன்."

"நேரம் இருக்கே. ஒரு மணி நேரம் வரைக்கும் நீந்தலாம்."

"போன வாரம் வேலையில மயங்கிட்டாரு. பத்து நொடி."

விசிலம்மாள் கையிலிருந்த பலகையைப் புரட்டினாள். "மயக்கம் இல்லைன்னுல்ல இங்க இருக்கு."

"நான்தான் அப்படிப் போட்டேன்."

"கையெழுத்து?"

"அதுவும் நான்தான்."

அந்த அம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரே ஒரு கணம் பட்டாணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வயர்லெஸை வாயருகே கொண்டுபோனாள். கரையோரம் சும்மா நின்ற இரண்டு துடுப்புப் படகுகள் உடனே திரும்பின.

பட்டாணியின் ஃபோன் மறுபடி அடித்தது. தெரியாத எண்.

"நூத்திப் பதினேழோட வீட்டு ஆளுங்களா பேசறது? பதறாதீங்க, ஒரு விஷயம் சொல்லணும்."

குரல் ஃபோனிலும் கேட்டது, இருபதடி தள்ளியிருந்த கூடாரத்திலிருந்தும் கேட்டது. ஆபத்து என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்ததோ, அவளுக்குச் சொல்கிறார்கள். பட்டாணி ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கூடாரத்தைப் பார்த்து நின்றாள். மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் தலை நிமிர்ந்து, அவளைப் பார்த்து, மெதுவாக ஃபோனைக் கீழே வைத்தார்.

இந்தச் செய்தியை அண்ணியிடம் எந்த வாயால் சொல்வது? அம்மாவிடம்? நடுவீட்டில் நின்று, 'நான்தான் குறி போட்டேன்' என்று சொல்கிற தன் குரல் இப்போதே அவள் காதில் கேட்டது.

வயர்லெஸ் கரகரத்தது. "மஞ்சள் தொப்பி கிடைச்சுது. ஆள் நல்லாத்தான் இருக்கார். மல்லாக்க மெதக்கறார். ஏறிக்கறீங்களான்னு கேட்டா, வேண்டாம், வானம் பாத்துட்டிருக்கேன்ங்கறார்."

விசிலம்மாள் முகம் சுளித்தாள். "வானமா?"

"ஆமா. மீசை பெரிசா இருக்கு. அவர்தானே?"

பட்டாணி ஏரியைத் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணனுக்கு மீசையே கிடையாது.

இருபத்திரண்டில் இருபத்தொன்று கரையில். மிச்சம் ஒன்று மீசை. அப்படியானால் அண்ணன் தண்ணீரிலேயே இல்லை. லென்ஸைத் திருப்பி வைத்ததும் எழுத்து பளிச்சென்று தெரிவதுபோல இருந்தது. அவள் சைக்கிள் அடைப்பை நோக்கி ஓடினாள்.

நீளக் கம்பிகளில் தொங்கிய சைக்கிள்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஒன்றே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, துளி ஈரமில்லாமல், திருட்டு முழி முழித்தபடி அண்ணன்.

"இங்க என்னண்ணா பண்ற?" கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எது முன்னால் என்று அடித்துக்கொண்டன.

"பேக்கரிக்கு முட்டி பிடிச்சுக்கிச்சாம். பெடல் மிதிக்க முடியலன்னான். மாத்திக்கிட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"நீதான் கட்டை எடுக்கப் போயிட்டியே." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "உண்மையச் சொல்லட்டுமா? அவன் கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்துச்சு. அந்தத் தண்ணியப் பாத்தா லிஃப்ட் குழியப் பாக்கற மாதிரியே இருந்துச்சு பட்டாணி. கறுப்பா, அடி தெரியாம."

"அப்ப சைக்கிளும் வேண்டாமே."

"சைக்கிள்ல என்ன பயம். காலை ஊனினா தரை."

அதுவும் சரிதான் என்று பட்டது. தரையில் இருக்கிறவனுக்கு என்ன ஆகிவிடும்? விசிலம்மாளிடம் போய், மயங்கிய ஆள் இவர்தான், தண்ணீரில் இருப்பவர் வேறு ஆள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வருஷமாக அவன் காத்திருந்த நாள் இது. தவிர, ஆள் மாற்றியதைச் சொன்னால் மூவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இப்படியாக, இரண்டாவது தடவையாக, அவள் 'இல்லை' கட்டத்தில் குறி போட்டாள்.

கரைக்குத் திரும்பி வந்தபோது ஐம்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. பேக்கரி இருநூறு மீட்டர் தள்ளி, முதலாளி இல்லாத நாளில் வேலை பார்க்கிறவன்போலக் கை போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வீச்சு, ஒரு ஓய்வு. அப்புறம் வானம் பார்ப்பது.

"பேக்கரிண்ணா, வாங்க" என்று பட்டாணி கத்தினாள். அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டியிருந்தது. கை தட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் தட்டினார்கள். கடைசி ஆள் என்றால் எல்லோருக்கும் ஒரு பாசம். கரை முழுக்கத் தட்டியது. விசிலம்மாள்கூடப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினாள்.

மஞ்சள் தொப்பி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. பேக்கரியால் இப்படி நீந்த முடியும் என்று பேக்கரிக்கே தெரிந்திருக்காது.

ஐம்பத்தொன்பது நிமிடம், இருபது நொடி. சேறு வழிய, வாயைப் பிளந்தபடி, அவன் சைக்கிள் அடைப்புக்குள் தள்ளாடி ஓடி, கம்பியடியில் பொத்தென்று விழுந்தான். கையை நீட்டி ஏதோ சொல்லப் பார்த்தான். மூச்சுதான் வந்தது, வார்த்தை வரவில்லை. அண்ணன் குனிந்து அவன் காலிலிருந்து பட்டையை உருவித் தன் காலில் கட்டிக்கொண்டு, "சூப்பர்டா மச்சான்" என்று முதுகில் தட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கயிற்றருகே நின்ற பட்டாணிக்கு ஒரு டாட்டா.

பேக்கரி தவழ்ந்தே கயிற்றடிக்கு வந்தான். "முதல்ல... கை தட்டினது... யாரு?"

"நான்தான்."

"நாசமாப் போச்சு."

"ஏண்ணா?"

"ஒரு மணி நேரம் தாண்டணும் தங்கச்சி. அதான் பேச்சு. தாண்டிட்டா பட்டையப் பிடுங்கிடுவாங்க. அவன் சைக்கிள் மிதிக்க வேணாம், நீ ஓட வேணாம், எல்லாரும் நல்லபடியா வீடு போய்ச் சேரலாம்."

"யார்கிட்ட பேச்சு?"

"உங்கண்ணிகிட்ட."

"அப்ப கடைசியில ஏன் அவ்வளவு வேகமா வந்தீங்க?"

பேக்கரி தன் சேற்றுக் காலைப் பார்த்தான். "எனக்கு யாரும் கை தட்டினதே இல்ல தங்கச்சி. அடுப்படியில நின்னா யாரு தட்டுவா? சத்தம் கேட்டதும் கையும் காலும் என் பேச்சைக் கேக்கல."

அவள் அண்ணியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அண்ணி.

"முடிஞ்சுதா? பட்டையக் கழட்டிட்டாங்களா?"

"இல்லண்ணி. நாப்பது நொடி முன்னாடி வந்துட்டாங்க."

"அவர் எங்க?"

"சைக்கிள்ல போயிட்டிருக்காங்க."

பிறகு அண்ணி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "நீங்க கிளம்பின அரை மணி நேரத்துல லெட்டர் வந்துச்சு பட்டாணி. உயரத்துல வேலை பாக்கறவங்களுக்குக் கம்பெனியில வருஷா வருஷம் செக்கப் உண்டுல்ல, அந்த ரிப்போர்ட். இதயத் தசை தடிச்சிருக்கற மாதிரித் தெரியுதாம். பெரிய டாக்டர் பாக்கற வரைக்கும் ஓடக் கூடாது, நீந்தக் கூடாது, மூச்சு வாங்கற எதுவும் கூடாதுன்னு போட்டிருக்கு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவர் வண்டி ஓட்டிட்டிருந்தார். நீ பக்கத்துல உக்காந்திருந்த. உன் முகத்துல எதையாவது ஒளிச்சு வைக்க முடியுமா? கேட்டதும் கை நடுங்கி வண்டியக் கொண்டுபோய் எதுலயாவது விட்டுட்டார்னா? நேர்ல, என் பக்கத்துல உக்கார வச்சு சொல்லலாம்னு நெனைச்சேன். பேக்கரிகிட்ட மட்டும் சொன்னேன். அவர்தான் இந்த வழியச் சொன்னார்."

பட்டாணி கண்ணை மூடிக்கொண்டாள். "அண்ணி, நானும் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சேன். போன வாரம் அண்ணன் மயங்கிட்டாங்க. ஏணியில. பத்து நொடி."

ஆளுக்கொரு பாதியாகப் பொத்தி வைத்திருந்தது இப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து முழு உருவமாக நின்றது.

"வழிய மறிச்சு நிறுத்து அவரை" என்றாள் அண்ணி. "ஃபோனை வைக்காத. நான் லைன்லயே இருக்கேன்."

பட்டாணி விசிலம்மாளிடம் ஓடினாள். இந்த முறை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஆள் மாறியது, லெட்டர், அப்பா விழுந்த மாடிப்படி, எல்லாவற்றையும் கொட்டினாள். மருத்துவ மோட்டார் சைக்கிள் ஒன்று உடனே கிளம்பியது. ஆனால் பாதையில் நானூறு பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அதே ஹெல்மெட், அதே குனிந்த முதுகு.

"பத்து கிலோமீட்டர் சுத்து. நாலு தடவை சுத்தணும்" என்றாள் விசிலம்மாள். "ஒவ்வொரு சுத்துக்கும் அதோ அந்த வளைவைத் தாண்டித்தான் போகணும். இருபது நிமிஷத்துல இங்க வருவார்."

பட்டாணி வளைவில் போய் நின்றாள். ஒரு கையில் அண்ணி லைனில் இருக்கும் ஃபோன். இன்னொரு கையில், ஏன் என்று தெரியாமல், இன்னும் அந்த உருட்டுக் கட்டை.

சைக்கிள்கள் விர் விர்ரென்று வந்தன, போயின. சிவப்புச் சட்டை. பச்சை. சிவப்பு. இருபது நிமிடம் ஆயிற்று. இருபத்திரண்டு. ஒரு பெண் கடந்தபோது பின்னால் திரும்பி எதையோ பார்த்துக்கொண்டே போனாள். எதைப் பார்த்தாள்? அந்த மரங்களுக்குப் பின்னால், பாதை மறைகிற இடத்தில் என்ன கிடக்கிறது? தூரத்தில் சைரன் மாதிரி கேட்டது. கேட்டதா? அப்பாவுக்கும் இப்படித்தான். மேல்மாடியில் எல்லோரும் அவர் வருவார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்தாரா?" என்றாள் அண்ணி.

"இன்னும் இல்லண்ணி."

"பேசிட்டே இரு. சும்மா இருக்காத."

"என்ன பேசறது?"

"என்ன தெரியுதோ அதச் சொல்லு."

"ஒரு நீலச் சட்டை. அவங்க இல்ல. ஒரு வயசானவர். அவங்க இல்ல. ரெண்டு பொம்பளைங்க. யாருமே இல்ல இப்ப. ரோடு காலியா இருக்கு."

இருபத்தாறாவது நிமிடத்தில் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. நேராக வரவில்லை. பாதையின் இந்த ஓரமும் அந்த ஓரமுமாக அலைந்து வந்தது. பட்டாணி கயிற்றைத் தூக்கிவிட்டு நடுப்பாதையில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளு பட்டாணி." அண்ணனின் குரல் காற்றுப்போன பலூன் மாதிரி இருந்தது.

"இறங்குண்ணா."

"டீமையே வெளிய போட்டுருவாங்க. தள்ளு."

"போடட்டும். அண்ணிக்கு எல்லாம் தெரியும். இறங்கு."

சைக்கிள் அவளிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றது. அண்ணன் காலை ஊன்றினான். தரைதான். ஆனாலும் கால் நிற்கவில்லை, மடிந்தது. அவள் கட்டையைப் போட்டுவிட்டு அவனைத் தாங்கிப் பிடித்தாள். அவன் உதடு சாம்பல் பூத்திருந்தது.

"ஆறு கிலோமீட்டர்லயே ஆரம்பிச்சுது" என்றான், பாதையோரத்தில் உட்கார்ந்ததும். "நெஞ்சுக்குள்ள யாரோ கதவை இடிக்கற மாதிரி. நிறுத்திட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னுதான் மிதிச்சேன்."

"தெரிஞ்சா என்னண்ணா?"

"ஏணி ஏற விட மாட்டாங்க. ஏணி ஏறலன்னா இந்த ஊர்ல எனக்கு என்ன வேலை? நாம எல்லாரும் எதை நம்பி இங்க இருக்கோம், சொல்லு."

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சில் கம்பிகள் ஒட்டினார்கள். துடிப்பு தப்பித் தப்பி வருகிறது, இப்போதைக்கு ஆபத்து இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஃபோனில் அண்ணி அழவில்லை. "ஸ்பீக்கர்ல போடு" என்று மட்டும் சொன்னாள்.

"என்னங்க."

"ம்."

"வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு."

"சரிம்மா." அண்ணன் முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் ரத்தம் வந்தது.

பேக்கரி துண்டைப் போர்த்திக்கொண்டு நொண்டி வந்து சேர்ந்தான். இப்போது நிஜமாகவே முட்டி பிடித்துக்கொண்டிருந்தது. விசிலம்மாளும் வந்தாள். டீம் பெயரைப் பலகையில் கோடு போட்டு அடித்தவள், பட்டாணியின் ஓட்டக் காலணியைப் பார்த்து மனசு இளகினாள். "ஆசைப்பட்டா நீ மட்டும் ஓடும்மா. நேரம் எழுத மாட்டோம். ஆனா யாரும் தடுக்க மாட்டாங்க."

அண்ணன் ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்தான். கணுக்காலிலிருந்து பட்டையைக் கழற்றினான். "காலைக் காட்டு பட்டாணி. மூணு பேர்ல ஒருத்தராவது கோட்டைத் தொடணும். எனக்காக ஓடு. பேக்கரி என்கூட வருவான்."

"உங்கூட நான் வரேண்ணா."

"ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டு வந்து சேரு. எனக்கும் பொழுது போகும், நீ எங்க ஓடறன்னு ஃபோன்ல பாத்துட்டிருப்பேன்."

அவன் கேட்டு அவள் எதையும் மறுத்ததில்லை. காலை ஸ்ட்ரெச்சர் விளிம்பில் தூக்கி வைத்தாள். அவன் பட்டையை மெதுவாகச் சுற்றினான்.

"அவ ஓடக் கூடாது."

அண்ணி. ஃபோன் இன்னும் ஸ்பீக்கரில் இருப்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"ஏம்மா? ஆசையா ஓடட்டுமே."

"கூடாது. யாரும் ஓட வேண்டாத மாதிரிப் பண்ணச் சொன்னேன்ல பேக்கரிகிட்ட. உங்களுக்காக மட்டும் சொன்னேன்னா நெனைச்சீங்க?"

பேக்கரி தலை குனிந்துகொண்டான்.

"லெட்டர்ல கடைசியா ரெண்டு வரி இருக்கு" என்றாள் அண்ணி. காகிதம் சரசரத்தது. இந்த இரண்டு நாளில் எத்தனை முறை மடித்துப் பிரித்திருப்பாளோ. "இது குடும்பத்துல வர்றதாம். அப்பா அம்மா யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களான்னு கேக்கறாங்க. கூடப் பொறந்தவங்களையும் பாக்கணுமாம்."

அடுத்ததை வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வதுபோலத் தட்டையாகச் சொன்னாள்.

"பொறக்கற குழந்தைங்களையும்."

அண்ணனின் விரல்கள் நின்றுவிட்டன. பட்டை பட்டாணியின் கணுக்காலில் பாதி சுற்றிய நிலையில் தொங்கியது. சைக்கிள்கள் விர் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் யாருக்கோ எல்லோரும் கை தட்டினார்கள்.

வெயில் இல்லை. அப்பாவை வீழ்த்தியது வெயிலே இல்லை.

பட்டாணி இரண்டு விரலைத் தன் மணிக்கட்டில் அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.